மாடித் தோட்டத்துக்கு எந்தத் தக்காளி?

மாம்பழக் கடைக்குப் போனால் நாம் "மாம்பழம் கொடுங்கள்" என்று கேட்பதில்லை. பங்கனப்பள்ளி இருக்கிறதா, ருமானி வந்துவிட்டதா, மல்கோவா என்ன விலை என்று கேட்கிறோம். வாழைப்பழத்திலும் அப்படித்தான். பூவன் கேட்டவருக்கு ரஸ்தாளியைக் கட்டிக் கொடுத்தால் வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்து சண்டை போடுவார். அரிசிக்குப் பெயர் உண்டு, கத்தரிக்காய்க்கு ஊர்ப்பெயர் உண்டு. தினமும் குழம்பிலும் ரசத்திலும் போடுகிற தக்காளிக்கு மட்டும் நமக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டே இரண்டு: நாடு, பெங்களூர்.

கடையில் வாங்குகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. கடைக்காரர் வைத்திருப்பதைத்தானே வாங்க முடியும்? விதை வாங்கி வீட்டில் வளர்க்கிறவருக்கு நஷ்டம்தான். மூன்று நான்கு மாதம் தண்ணீர் ஊற்றி, புழு பொறுக்கி, கோல் ஊன்றிக் கட்டி, கடைசியில் கடையில் கிடைக்கும் அதே பழத்தைப் பறிப்பதற்கு எதற்கு மாடி ஏற வேண்டும்? எனக்கு முழங்கால் வலி வேறு.

கார்த்திகை மழை ஓயும் சமயத்தில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் "எந்த விதை வாங்கலாம், முசே?" என்று கேட்பார்கள். (புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு எழுபது வயதுக்கு மேலும் இந்த "முசே" ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது.) நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. மூன்று கேள்விகள் கேட்பேன். எந்தச் சமையலுக்கு? எந்த மாதத்தில் காய்க்க வேண்டும்? அடுத்த வருஷம் விதை யாரிடம் இருக்கும்? முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான். ஆனாலும் வரிசைப்படியே போகிறேன். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு வரிசை தப்பினால் தூக்கம் வராது.

முதலில் சமையல். தக்காளி நம் ஊர்ச் செடி அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம் பிறந்து, மெக்சிகோவில் பயிராகி, ஸ்பானியர் கையில் ஐரோப்பாவுக்குப் போய், போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் அதைப் "பொம் தமூர்" என்றார்கள். காதல் ஆப்பிள் என்று பொருள். நம்மவர்களுக்கு மணத்தக்காளி முன்பே பழக்கம். அதனால் புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். பிறகு சீமை உதிர்ந்து தக்காளி மட்டும் நின்றது.

வந்தது எங்கிருந்து என்றாலும், இங்கே வந்தபின் அது நம் ரசத்துக்கு ஏற்றபடி நிலைத்துவிட்டது. நாட்டுத் தக்காளி என்று நாம் சொல்வது தோல் மெலிந்தது, சாறு நிறைந்தது, புளிப்பு தூக்கலானது. நல்ல நாட்டுத் தக்காளி நான்கு போட்டால் ரசத்துக்குப் புளியைப் பாதியாகக் குறைக்கலாம். பெங்களூர்த் தக்காளி என்பது நீள்வட்டமாக, கெட்டியாக, சதை தடித்து இருக்கும். சாலட்டுக்கு வட்டம் வட்டமாக நறுக்கினால் அழகாக நிற்கும். ரசத்தில் போட்டால் தோல் தனியாகச் சுருண்டு மிதக்கும், புளிப்பு வராது.

பெங்களூர்த் தக்காளியை நான் குறை சொல்லவில்லை. அது லாரிக்காகப் பிறந்தது. மதனப்பள்ளியிலும் கோலாரிலும் ஏற்றி, கூடையின் மேல் கூடை அடுக்கி, இரவெல்லாம் குலுங்கிக்கொண்டு வந்து, மறுநாள் கடையில் நசுங்காமல் நிற்க வேண்டும். அதற்குத் தடித்த தோலும் கெட்டிச் சதையும்தான் வேண்டும். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அப்படி ஒரு தக்காளி இல்லையென்றால் வருஷம் முழுவதும் நமக்குத் தக்காளியே கிடைக்காது. நான் சொல்வது இவ்வளவுதான்: என் மாடியிலிருந்து என் சமையலறைக்கு இருபத்திரண்டு படிகள். நடுவில் லாரி இல்லை. படி இறங்கி வரும் தக்காளிக்கு லாரியில் வரும் தக்காளியின் தோல் எதற்கு?

லாரிக்குத் தகுந்தபடி செய்வதற்கு விஞ்ஞானிகள் என்னென்ன மாற்றினார்கள் என்று படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பழைய தக்காளிகளில் காய் பச்சையாக இருக்கும்போது காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக ஒரு பட்டை இருக்கும். பச்சைத் தோள் என்பார்கள். பழுக்கும்போது அந்த இடம் கொஞ்சம் பின்தங்கும். பழம் ஒரே நிறமாக இருக்காது. சந்தைக்கு அது அழகில்லை. ஆகவே எங்கும் ஒரே மாதிரி வெளிர்பச்சையாக இருந்து ஒரே மாதிரி சிவக்கும் செடிகளைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. அந்தக் கரும்பச்சைக்குக் காரணமான மரபணு, காயிலேயே பச்சையத்தைப் பெருக்கிச் சர்க்கரையைக் கூட்டித் தருவது. நிறம் ஒன்றாக வேண்டுமென்று அதைக் கெடுத்ததில் இனிப்பும் கொஞ்சம் போயிற்று. கெடாமல் பல நாள் இருக்கவேண்டும் என்பதற்காகப் பழுக்கும் வேகத்தையே தாமதப்படுத்தும் இன்னொரு மரபணுவையும் பல நாடுகளில் ஒட்டு ரகங்களில் சேர்த்தார்கள். மணம் குறைந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே வீட்டுக்கு விதை தேடுகிறவர் பச்சைத் தோள் உள்ள ரகத்தைத் தேடலாம் என்பது என் முதல் யோசனை. வெகு தூரம் போகவேண்டாம். பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 அப்படிப்பட்டதுதான். அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து எடுத்தது. சற்றே தட்டையான உருண்டை, காம்பருகே பச்சைத் தோள், நல்ல சிவப்பு. அதுவும் தூரப் பயணம் தாங்கும் என்று பாராட்டி வெளியிடப்பட்டதுதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஆனால் அது ஒட்டு ரகம் அல்ல. இடம் சிறிதாக இருப்பவர்கள் கோவையில் வெளியிட்ட கோ 3, அதாவது மருதம் ரகத்தைப் பார்க்கலாம். குட்டையாக, அடக்கமாக வளரும். தொட்டிக்கு ஏற்றது.

தொட்டி என்றதும் இன்னொன்று. நீளக் காய் ரகங்களுக்குப் பழத்தின் அடிப்பகுதி கறுத்து அழுகும் தொல்லை அதிகம். தண்ணீர் ஒருநாள் அதிகமாகவும் மறுநாள் குறைவாகவும் கிடைத்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் இது வரும். நிலத்தில் உள்ள செடி சமாளித்துக்கொள்ளும். மாடித் தொட்டி அரைநாளில் காய்ந்துவிடும். நாம் கல்யாணத்துக்குக் கடலூர் போய் ஒருநாள் தங்கிவிட்டால் தீர்ந்தது. மாடியில் உருண்டை ரகமே உத்தமம்.

அடுத்து மாதம். தக்காளிப் பூ காயாவது வெப்பத்தைப் பொறுத்தது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வலுவிழக்கும். பூ பூக்கும், உதிர்ந்துவிடும். எங்கள் கடற்கரை ஊரில் சித்திரை வைகாசியில் இரவுகூட அனல்தான். அப்போது செடி தளதளவென்று இருந்தும் காய் இராது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுகிறார்கள். உரத்தால் ஆகாது. ஐப்பசி மழையில் நாற்று அழுகிவிடும். ஆகவே நான் கார்த்திகைக் கடைசியில் விதை போட்டு, இருபத்தைந்து நாள் நாற்றை மார்கழியில் பிடுங்கி நடுகிறேன். தையில் பூ. மாசி, பங்குனியில் பழம். அத்தோடு சரி. வருஷம் முழுக்கக் காய்க்கவேண்டும் என்ற ஆசை மாடித் தோட்டக்காரருக்கு ஆகாது.

என் தம்பி மகன் பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிறான். போன தடவை வரும்போது, "பெரியப்பா, மார்மாந்த் விதை கொண்டுவரட்டுமா?" என்று போனில் கேட்டான். மார்மாந்த் தென்மேற்குப் பிரான்சில் ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெயரில் ஒரு தக்காளி; பெரிதாக, தட்டையாக, பூசணி மாதிரி வரிவரியாக இருக்கும். உள்ளே கொத்துக்கறி அடைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் தொமாத் ஃபார்சிக்கு அதைவிட நல்லது இல்லை. புதுச்சேரியில் சில வீடுகளில் இன்றும் அதைச் செய்கிறார்கள். எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் இரண்டு. வெளிநாட்டு விதையை அனுமதியும் பயிர் நலச் சான்றிதழும் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத் தடுக்கிறது. ஒரு பொட்டலத்தோடு புது நோயும் வரலாம் என்பதால் அந்தத் தடை நியாயமானது. இன்னொரு காரணம், குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடி எங்கள் வெக்கையில் என்ன செய்யும்? அது நன்றாகக் காய்ப்பது அந்த ஊரில்தான். நம் ஊருக்கு நம் ஊர் வெயிலில் பல தலைமுறை காய்த்த விதைதான் சரி.

ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளலாம். அங்கே சந்தையில் தக்காளியைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். மார்மாந்த், சேன் பியேர், கேர் தெ பேஃப் என்று கிழவிகள் பெயர் சொல்லிப் பொறுக்குவார்கள். பெயர் தெரிந்தால்தான் அது காணாமல் போகும்போது "எங்கே?" என்று கேட்க முடியும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கடையில் விற்கும் பளபளப்பான பொட்டலங்களில் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அல்லது எஃப் 1 என்று போட்டிருக்கும். இரண்டு வேறு வேறு பெற்றோர் செடிகளைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை அது. முதல் தலைமுறை எல்லாச் செடியும் ஒன்றுபோல் திடமாக இருக்கும். அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒன்று நெடுசாக, ஒன்று குட்டையாக, ஒன்று புளிப்பாக, ஒன்று சப்பென்று, ஆளுக்கொரு பக்கம் போகும். மெண்டல் பட்டாணியில் கண்டுபிடித்த அதே விதிதான். எனவே ஒவ்வொரு வருஷமும் பொட்டலம் வாங்கியாக வேண்டும்.

சாதாரண ரகம் அப்படியல்ல. தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் வேறு தக்காளி இருந்தாலும் கலப்பு குறைவு. போன வருஷப் பழம் எப்படியோ அப்படியே இந்த வருஷமும். ஒரு நல்ல பழத்தில் நூறு விதை இருக்கும். ஒரு வீட்டுக்கு ஆறு செடி போதும் என்றால், ஒரே பழத்தின் விதையில் ஒரு தெருவே தோட்டம் போடலாம்.

இதற்குச் சட்டமும் துணை. 2001ஆம் ஆண்டு தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பதிவு பெற்ற ரகத்தை முத்திரைப் பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான். பிரான்சில் நிலைமை வேறு. அங்கே 1932இல் ரகங்களுக்கு அரசுப் பட்டியல் ஒன்று ஏற்படுத்தினார்கள். பட்டியலில் இல்லாத பழைய ரக விதைகளை விற்பதில் பல பத்தாண்டுகள் சிக்கல் இருந்தது. யாருடைய உரிமையிலும் இல்லாத ரகங்களின் விதையை வீட்டுத் தோட்டக்காரர்களுக்குத் தாராளமாக விற்கலாம் என்று 2020 ஜூனில்தான் சட்டம் வந்தது. அவர்கள் போராடிப் பெற்றது நம்மிடம் சும்மா கிடக்கிறது. நாமோ பொட்டலம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார். "முசே, இலைச்சுருட்டு நோய் வந்தால் உங்கள் நாட்டுத் தக்காளி என்ன செய்யும்?" என்பார். நியாயமான கேள்வி. வெள்ளை ஈ கொண்டுவரும் அந்த நச்சுயிரி வந்துவிட்டால் செடி குறுகி, இலை கிண்ணம் போல் சுருண்டு, காய்ப்பே நின்றுவிடும். அதற்கு மருந்து கிடையாது. பெங்களூர் அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அர்க்கா ரக்ஷக் என்ற ஒட்டு ரகம் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்ற மூன்றுக்கும் தாங்கும். ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கிப் பயிர் செய்கிற விவசாயி அதைப் போட்டால் நான் கைதட்டுவேன். அவருடைய அடுத்த வருஷச் சாப்பாடு அந்தச் செடியில் இருக்கிறது. "நாட்டு விதையைப் போடுங்கள்" என்று அவருக்குப் புத்தி சொல்ல ஓய்வூதியம் வாங்கும் நான் யார்?

ஆனால் நண்பருக்கும் எனக்கும் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறது. ஆறு செடியில் இரண்டு சுருண்டால் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடையில் அரைக் கிலோ வாங்குவோம். நஷ்டத்தைத் தாங்கக்கூடியவன்தான் பழைய விதையைக் காப்பாற்றும் வேலையைச் செய்ய முடியும். விவசாயியால் முடியாது, வியாபாரிக்கு அவசியம் இல்லை. மிஞ்சியிருப்பது நம்மைப் போன்ற மொட்டை மாடிக்காரர்கள்தான். என் கருத்தை ஒரே வரியில் கேட்டால் இதுதான். நோய்க்குப் பயந்தால் ஆறில் ஒரு தொட்டியில் ஒட்டு ரகம் வையுங்கள். ஐந்தில் விதை எடுக்கக்கூடியதை வையுங்கள்.

"தக்காளி கிலோ நூறு ரூபாய் ஆகும்போது எனக்கு எடைதான் வேண்டும், விதை வேண்டாம்" என்றும் அவர் சொல்வதுண்டு. 2023 ஜூலையில் விலை நூறைத் தாண்டி, சில இடங்களில் இருநூறையும் தொட்டது உண்மை. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் வைத்துக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். ஆனால் அந்த ஆனி ஆடி மாதத்தில் எங்கள் மாடிகளில் எந்த ரகமும் சொல்லும்படி காய்க்கவில்லை. விலை ஏறும் மாதமும் மாடி காய்க்கும் மாதமும் எங்கள் ஊரில் சேர்வது அபூர்வம். பணம் மிச்சம் பிடிக்கத் தக்காளி வளர்ப்பவர் வெண்டை போடலாம்.

விதை எடுப்பது பெரிய வித்தை இல்லை. பழத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நோய் அண்டாத, நன்றாகக் காய்த்த செடியில் இரண்டாவது மூன்றாவது கொத்தில் ஒரு பழத்தை அடையாளத்துக்கு நூல் கட்டி, நன்றாகக் கனிய விடுங்கள். சமையலறைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பறித்து, சதையோடு விதையை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடாமல் வையுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு நாள் போதும். மேலே வெண்மையாக ஆடை கட்டும், நாற்றம் வரும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு அந்தப் புளிப்பில் கரைந்துவிடும். தண்ணீர் விட்டு அலசினால் சொத்தை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் சின்னப் புட்டியில் இறுக மூடி, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். தேதி போடாத பொட்டலமும் தேதி போடாத கோப்பும் ஒன்றுதான். இரண்டாலும் யாருக்கும் உபயோகமில்லை. ஈரம் படாமல் இருந்தால் நான்கு வருஷம் வரை நம்பி விதைக்கலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது பி.கே.எம். 1 ஒரு புட்டி, பெயரில்லாதது ஒரு புட்டி. பெயரில்லாதது என் மாமியார் பாகூரிலிருந்து என் மனைவிக்குத் துணியில் முடிந்து கொடுத்தது. சின்னப் பழம், தோளில் பச்சை, நாலைந்து வரி, கடும் புளிப்பு. மனைவி அதைப் "பாகூரான்" என்பாள். கொல்லைப்புறத்தில் வளர்ந்தது, கொல்லை போனபின் மாடிக்கு ஏறியது. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் ஐந்து வீடுகளில் அந்த விதை இருந்தது. ஒரு மழையில் எங்களுக்கு முற்றும் போனபோது எதிர்வீட்டு அம்மாளிடம் திரும்ப வாங்கினோம். இப்போது அந்த வீடு இடிந்து அடுக்கு மாடி வந்துவிட்டது. ஒருவர் மகனோடு சென்னைக்குப் போனார். ஒருவர் பொட்டல விதைக்கு மாறினார். இன்று அந்த விதை இருப்பது இரண்டு வீட்டில். இரண்டு வீட்டிலும் வயது எழுபதைத் தாண்டியவர்கள். அரசாங்கப் பட்டியலிலோ கம்பெனி பட்டியலிலோ அது கிடையாது. இந்த இரண்டு மாடியிலும் ஒரே வருஷம் தவறினால் அதோடு முடிந்தது.

உங்கள் ஊரிலும் யாராவது ஒரு வீட்டில், ஒரு பழைய மருந்துப் புட்டியில், இப்படி ஒன்று இருக்கும். கடைக்குப் போய்ப் பொட்டலம் வாங்குவதற்கு முன் அதை விசாரியுங்கள். அத்தையிடம் கேளுங்கள், கீரை விற்கும் அம்மாளிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பி.கே.எம். 1, மருதம் போன்ற விதை எடுக்கக்கூடிய ரகத்தை வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். என்னைத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் தை பிறந்தால் வரலாம், நாற்றாகவே தருகிறேன். விலை கிடையாது. ஒரு நிபந்தனை உண்டு: பங்குனியில் விதை எடுத்து, வேறு இரண்டு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். எந்த வீட்டுக்கு என்று எனக்கு வந்து சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.